அந்த ‘அதிசய மீன்’ குறித்து

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். ஆற்றில் வலை வீசிய இளைஞர்களிடம் ‘அதிசய மீன்’ ஒன்று சிக்கியது, உடம்பெல்லாம் கோடும் முள்ளுமாக இருந்தது, அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் மக்கள் வந்து ஆர்வத்துடன் பார்த்தனர், செல்போனில் படம் எடுத்துக்கொண்டனர் என்று வழக்கமான வரிகள்தான். எல்லாம் சரி. கடைசி வரியைப் படித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. ‘பின்னர் அந்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டனர்’ என்று முடித்திருந்தீர்கள், ஏதோ வழிதவறி வந்த மான்குட்டியைக் காட்டில் கொண்டு போய் விட்ட மாதிரி.

அந்தப் பையன்களை நான் குறை சொல்ல வரவில்லை. சொல்ல எனக்கு அருகதையும் இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் படத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, அது அதிசயமும் இல்லை, அபூர்வமும் இல்லை. வண்ணமீன் கடையில், தொட்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற பாசியைத் தின்னட்டும் என்று விரல் நீளத்தில் வாங்கிப் போடுகிறோமே, ‘டேங்க் கிளீனர்’ என்று கடைக்காரர் சொல்வாரே, அதேதான். வாய் அடிப்பக்கத்தில் இருக்கும், அதை வைத்துக் கண்ணாடியில் உறிஞ்சிக்கொண்டு நிற்கும். இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா, அமேசான் பக்கம். அங்கிருந்து நீந்தி யாரும் இங்கே வரவில்லை. நாம் காசு கொடுத்து வாங்கி, நாமே கொண்டு போய் விட்டது.

‘நாம்’ என்ன, நான் என்றே சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், கொஞ்சம் நிலமும் உண்டு. மகள் எட்டாவது படிக்கும்போது அடம்பிடித்து ஒரு மீன்தொட்டி வாங்கினோம். மற்ற மீன்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன, இது ஒன்று மட்டும் சாகவே இல்லை. போட்டதைத் தின்று, போடாததையும் தின்று, இரண்டு வருடத்தில் ஒரு முழத்துக்கு வளர்ந்து, தொட்டிக்குள் திரும்பவே இடம் இல்லாமல் நின்றது. வாங்கிய கடையிலேயே கொண்டு போய்க் கொடுத்தால், ‘பெரிசானதை யாரு சார் வாங்குவா’ என்று சிரித்தார். மகள் கல்லூரிக்கு வெளியூர் போனாள், தொட்டியை யார் கழுவுவது என்று வீட்டில் தினம் ஒரு பேச்சு. கடைசியில் ஒரு நாள் காலையில் பெயிண்ட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய் படித்துறையில் இறங்கி விட்டேன். ‘பெரிய தண்ணிக்குப் போ, பொழைச்சுக்கோ’ என்று வாய்விட்டுச் சொன்னதாகக்கூட ஞாபகம். வீட்டுக்காரம்மா பின்னாலேயே வந்து ஒரு பிடி பொரி போட்டார். புண்ணியம் செய்த நிம்மதியோடு போய்க் கடையைத் திறந்தேன்.

இது நடந்து சில வருடம் கழித்து ஒரு மாசி மாதம். தண்ணீர் நிறுத்தி ஆறு வற்றிக் கிடந்தது. எங்கள் வாய்க்கால் தலைப்பில் மதகு ஓரமாகக் கரை இறங்கியிருக்கிறது என்று பார்க்கப் போனோம். தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே, களிமண் கரையில், வரிசையாக ஓட்டைகள். மணிக்கட்டு அகலத்துக்கு மேலேயே இருக்கும், உள்ளே சரிவாக இறங்கின. எலி வளை என்றுதான் நான் நினைத்தேன். கூட வந்த பெரியவர் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தார். “எலி தண்ணிக்கு அடியில போடாதுடா தம்பி. நண்டுன்னா வாசல்ல உருண்டை உருண்டையா மண்ணு தள்ளியிருக்கும். இது வேற என்னமோ” என்றார். ஒரு சவுக்குக் குச்சியை ஒடித்து உள்ளே விட்டோம், இரண்டு முழம் போனது. இன்னொரு ஓட்டையில் குச்சி எதிலோ முட்டி நின்றது. மண்வெட்டியால் மெதுவாக வெட்டித் திறந்தோம். ஈரச் சேற்றுக்குள், தண்ணீர் என்று சொல்ல ஒரு கரண்டிகூட இல்லாத இடத்தில், அது உயிரோடு படுத்திருந்தது. சித்தப்பா அதைத் தூக்க, முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு கையில் கிழித்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் விட்டதா, வேறு எந்த வீட்டுப் புண்ணியவான் விட்டதா என்று கேட்டால் பதில் இல்லை. ஒற்றை மீன் தனியாகக் குஞ்சு பொரிக்காது என்பது மட்டும் எனக்கு ஆறுதல். அதாவது என்னைப் போல இன்னும் பலர் இருந்திருக்கிறார்கள்.

இந்த மீன் கரையில் வளை தோண்டித்தான் முட்டையிடும். ஆண் உள்ளே இருந்து காவல் காக்கும். உலகத்தில் இது புகுந்த பல நாடுகளில் இதே புகார்தான், கரை அரிக்கிறது, ஏரிக்கரை இளகுகிறது என்று. நம் டெல்டாவுக்கு இது எப்படிப்பட்ட புகார் என்று யோசித்துப் பாருங்கள். மலையும் பாறையும் இல்லாத ஊர் நம்முடையது. கல்லணைக்குக் கிழக்கே காவிரி, வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து பிரிந்து போகிற அத்தனையும் மண் கரையை நம்பித்தான் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கரைமுட்டப் போகும்போது ராத்திரி முழுக்க டார்ச் அடித்துக்கொண்டு கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒரு எலி வளையில் ஊற்றெடுத்தால் அது எப்படி மடமடவென்று வாய்பிளக்கும் என்று. மணல் மூட்டையும் சவுக்குக் கம்பும் வைக்கோலுமாக ஊரே ஓட வேண்டியிருக்கும். அதற்காக எங்கள் கரையில் உள்ள எல்லா ஓட்டையும் இந்த மீன் போட்டது என்று நான் சொல்லவில்லை, எலிக்கும் நண்டுக்கும் பங்கு உண்டு. இருக்கிற எலி போதாது என்று காசு கொடுத்து இன்னொன்றை ஏன் சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

வலைக்காரர்களிடம் கேளுங்கள், வேறு கதை சொல்வார்கள். இது மாட்டினால் முள் வலையில் சிக்கிக்கொள்ளும், எடுக்க முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு வீச்சுவலை என்ன விலை என்று அவர்களுக்குத்தான் தெரியும். அறுத்து எடுத்தாலும் விற்க முடியாது. செதில் செதிலாக இல்லாமல் தகடு தகடாக, கவசம் மாதிரி இருக்கும், அரிவாள்மனையில் வைத்தால் வழுக்கும். கொக்கும் நாரையும் விழுங்கப் பார்த்தால் தொண்டையில் மாட்டும். தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் கிடந்தாலும் சாகாது, அதனால் கரையில் வீசிவிட்டுப் போனாலும் மெல்ல நெளிந்து திரும்ப உள்ளே போய்விடும்.

இது ஒன்றுதான் என்றால்கூட பரவாயில்லை. நாம் வெளியில் இருந்து கொண்டுவந்து விட்டதை எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கொண்டே போகலாம். ஜிலேபி என்று நாம் வாய் ருசிக்கப் பெயர் வைத்திருக்கிற மீன் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, இந்தியாவுக்கு வந்தது 1952ல். முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும் மீன் அது, அதனால் மற்ற மீன் முட்டை அழிகிற இடத்திலும் அது மட்டும் பெருகும். இன்று நம் குளங்களில் தூண்டில் போட்டால் பத்தில் எட்டு அதுதான் வருகிறது. அதைத் திட்டி இனிப் பயன் இல்லை, ஏழைபாழை வீட்டில் குழம்பு கொதிக்கிறது என்றால் அதற்கும் அது ஒரு காரணம். கொசுவைத் தின்னும் என்று 1928ல் கம்பூசியா என்ற சின்ன மீனைக் கொண்டுவந்தார்கள், இன்றைக்கும் கிணற்றிலும் குட்டையிலும் விடுகிறார்கள். நம் ஊர்க் குளத்துச் சின்ன மீன்கள் கொசுப்புழுவைத் தின்னாது என்று யார் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. செடியில் ஆகாயத்தாமரை, அதுவும் அமேசான்தான். அப்புறம் நாம் நெய்வேலிக் காட்டாமணக்கு என்று சொல்கிறோமே, பெயர்தான் நெய்வேலி, பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். என் கடைக்கு வரும் பம்புசெட்டுகளில் காயில் கருகி வருவதில் கணிசமானது தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வில் ஆகாயத்தாமரை வேர் அடைத்ததால்தான். எனக்கு வருமானம், ஆனால் சந்தோஷப்படுகிற வருமானம் இல்லை.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இதை வளர்க்க நாட்டில் இருபது ஆண்டுக்கு மேலாகத் தடை இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2019ல் இருக்கிற பண்ணைகளை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு மாவட்ட ஆட்சியர், ‘ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்த்தால் கடும் நடவடிக்கை’ என்று அறிக்கை விடுகிறார், நீங்களும் போடுகிறீர்கள். மீனும் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஏன் என்றால் இதைவிடச் சுலபமாக வளர்கிற மீன் கிடையாது. கோழிக்கடைக் குடல், கழிவு எதைப் போட்டாலும் தின்னும். தண்ணீர் கறுத்துப் போய் நாற்றம் எடுத்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டு பிழைக்கும். சீக்கிரம் கிலோ கணக்கில் எடை ஏறும். கடன் வாங்கிக் குட்டை வெட்டியவன் கண்ணுக்கு இது லட்சுமியாகத் தெரிந்தால் அவனைக் கோபிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்தக் குட்டை எங்கே இருக்கிறது? வாய்க்கால் ஓரத்தில். கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் குட்டையும் ஒரே தண்ணீராகும்போது அவனுடைய மீன் யாருடைய மீன்? ஈரத்தில் கொஞ்சதூரம் ஊர்ந்து போகவும் அதற்குத் தெரியும். ஆற்றில் இறங்கிவிட்டால் கெண்டைக்குஞ்சு, தவளை, நத்தை, விரால் குஞ்சு என்று வாயில் அடங்குகிற எதையும் விடாது.

விரால் குஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா? செக்கச் செவேலென்று நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக மேலே வரும், அடியில் தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டே காவல் இருக்கும். நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அந்தத் திரள் நகர்கிற பக்கமே கரையோடு நடந்து போவோம், கல் எறியக்கூடாது என்று பாட்டி திட்டும். அந்தத் திரள் ஒரு பெரிய ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

சந்தையில் இதை அந்தப் பெயரில் யாரும் விற்பதில்லை. ‘தேளி விரால்’ என்பார்கள், சில இடத்தில் வெறும் ‘கெளுத்தி’. விராலும் இல்லை தேளியும் இல்லை, இரண்டு நல்ல மீனின் பெயரையும் கெடுத்து வைத்த பெயர் அது. போன தை மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்து மீன் சந்தையில் ஒரு அம்மா அலுமினிய அன்னக்கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். தலை தட்டையாக, அகலமாக, மீசை எட்டும் நீட்டிக்கொண்டு, சாம்பலில் கறுப்புத் திட்டுத்திட்டாக. நாட்டுக் கெளுத்தியா என்று கேட்டேன். “நாட்டுக் கெளுத்தி இந்த ரூவாய்க்கு வருமாண்ணே? வேணும்னா எடுத்துக்க, வேணாட்டி நவுரு” என்றார். அந்த அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இதுவரை மீனைத் திட்டினேன். இனி நம்மைத் திட்ட வேண்டும், ஏனென்றால் என் புத்திக்கு எட்டியவரை இந்த வந்தேறி மீன்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது அழுக்குத்தண்ணீர்.

மேட்டூரை ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறப்பார்கள் என்பது கணக்கு. (நல்ல வருடத்துக் கணக்கு அது.) நடுவில் நாலரை மாதம் டெல்டா ஆறுகளில் மேலே இருந்து தண்ணீர் வராது. அப்போது ஆற்றில் எஞ்சுவது அங்கங்கே கிடக்கிற மடுவும், பாலத்தடிப் பள்ளமும், மணல் எடுத்த குழியும்தான். அந்தந்த ஊர் மீன் அத்தனையும் அந்தப் பள்ளங்களில் ஒதுங்கித்தான் கோடையைத் தள்ளும். ஆனியில் புதுத்தண்ணீர் வந்ததும் அங்கே தப்பிப் பிழைத்த கெண்டையும் ஆராலும்தான் எதிர்த்து ஏறி, வாய்க்காலுக்கும் கண்ணாறுக்கும் வயலுக்கும் போய் முட்டை போட்டுக் கூட்டம் பெருக்கும். மடையில் மீன் பிடிக்கப் பறி வைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு ஆற்றின் அடுத்த வருடத்து மீன் என்பது அந்தக் கோடைப் பள்ளத்தில் இருப்பதுதான், விதைநெல் மாதிரி.

அந்தப் பள்ளத்துக்கு நாம் என்ன ஊற்றுகிறோம்? ஊர்ச் சாக்கடையை. நல்ல தண்ணீர் ஓடும்போதும் சாக்கடை கலக்கத்தான் செய்கிறது, ஆனால் அப்போது அடித்துக்கொண்டு போய்விடுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. மாசி, பங்குனியில் கலக்க ஆறே இல்லை, சாக்கடைதான் ஆறு. கழிப்பறைத் தொட்டி உறிஞ்சுகிற லாரி ராத்திரி எங்கே திறந்துவிடுகிறது என்று கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். இறைச்சிக் கழிவு மூட்டை, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, பிளாஸ்டிக் தம்ளர், பரிகாரத்துக்குக் கழற்றிப் போட்ட வேட்டி சேலை எல்லாம் அதே பள்ளத்துக்குத்தான். அழுக்கு அழுகும்போது தண்ணீரில் இருக்கிற உயிர்க்காற்றை அது தின்றுவிடும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள், அந்த நேரத்தில்தான் காற்று மிகக் குறைவாக இருக்கும், கெண்டை எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வெயில் ஏறும்போது வெள்ளை வயிறு மிதக்கும். காற்றைக் குடிக்கத் தெரிந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எதையும் தாங்குகிற ஜிலேபியும் டேங்க் கிளீனரும் மட்டும் அடியில் சௌக்கியமாக இருக்கும். நம் விராலுக்கும் குறவைக்கும் பனையேறிக்கும்கூட காற்றைக் குடிக்கத் தெரியும், அதனால் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் ஒரு சின்னப் பள்ளத்தில் நாலரை மாதம் யாரோடு சேர்ந்து அடைபட்டுக் கிடக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

மேலே இருந்து வருகிற அழுக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நொய்யலில் சாயம் எப்படி ஓடியது, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எப்படிச் சாயத்தொட்டியாக ஆனது, 2011ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் தெரிந்த கதை. காவிரித் தண்ணீரில் மருந்து மாத்திரைகளின் எச்சமும் கன உலோகங்களும் இருப்பதாகச் சென்னை ஐஐடி ஆய்வு செய்து 2021ல் வெளியிட்டது. நான் சொல்ல வருவது வேறு. மேலே இருப்பவர்களைத் திட்டிக்கொண்டே நாம் கீழே இருப்பவர்களுக்கு அதையே செய்கிறோம். கும்பகோணத்தில் கலப்பது காரைக்காலுக்குப் போய்க் கடலில் விழுகிறது. நடுவில் நாட்டாறு, வாஞ்சியாறு என்று எத்தனை கிளை, எத்தனை ஊர், எத்தனை வயல். நான் பெயிண்ட் டப்பாவில் இருந்து விட்டதும் அதே வழியில்தான் போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பேருக்குக் கோபம் வரும். கோடைப் பள்ளத்தில், பயிர்ப் பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்தைக் கரைத்து ஊற்றி மீன் பிடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. 1897ல் வெள்ளைக்காரன் போட்ட மீன்பிடிச் சட்டத்திலேயே விஷம் வைப்பதும் வெடி வைப்பதும் குற்றம். இப்போது பேட்டரியை வைத்து ஷாக் கொடுத்துப் பிடிக்கிறார்கள். என் கடைக்கே ஒரு பையன் வந்து, ‘அண்ணே, பைக் பேட்டரியில ஓடுற மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்களேன்’ என்றான். மாட்டேன் என்றதற்கு, பக்கத்து டவுனில் கட்டித் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பெரிய மீன் ஒன்று கிடைப்பதற்காக அந்தப் பள்ளத்தின் முட்டையும் குஞ்சும் அத்தனையும் போகிறது. விதைநெல்லை அவித்துத் தின்கிற வேலை.

அப்படியென்றால் நல்ல மீன்குஞ்சைக் கொண்டுவந்து விட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். விடுகிறார்கள், ஒவ்வொரு வருடமும் மேடை போட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் படம் எடுத்து. பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். அவை கங்கைப் பக்கத்து மீன்கள், நமக்குப் பழகிவிட்டதால் நம்முடையது மாதிரி தெரிகிறது. நல்ல எண்ணத்தில் விடுவதும் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்குக் காவிரியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. திமில் வைத்த மாதிரி முதுகு உயர்ந்த மஹசீர் ஒன்று இந்தக் காவிரிப் படுகையில் மட்டும் உண்டு, ஆள் எடைக்கு வளரும். அது குறைகிறதே என்று ஆற்றில் மஹசீர் வளத்தைக் கூட்டுவதற்காக மகாராஷ்டிரத்தில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகியது, சொந்தக்காரன் ஒடுங்கிப் போனான். 2018ல்தான் அந்தத் திமில் மீனுக்கு அறிவியல் பெயரே உறுதியானது. அதே வருடம் அது அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிலும் ஏறியது. மஹசீரைக் காப்பாற்றப் போனவர்கள் கையால் நடந்த வேலை இது, படிக்காத என் கையால் நடந்தது எம்மாத்திரம்.

எங்கள் அப்பா காலத்தில் அணைக்கரையில் உல்லம் மீன் விற்றது என்பார்கள். கடலில் இருந்து கொள்ளிடம் வழியாக முட்டையிட ஏறி வரும் மீன் அது. எனக்கு அது கதைதான். என் மகளுக்கு ஆராலே கதை. சேல்கெண்டை, வாளை, விலாங்கு, உளுவை என்று நான் பெயர் சொன்னால், எப்படி இருக்கும் என்று போனில் தேடுகிறாள். அயிரை மட்டும் தெரியும், ஓட்டலில் விலைப்பட்டியலில் இருக்கிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். முதலில் உங்களிடம் இருந்தே தொடங்குகிறேன். இப்படி மீன் சிக்கினால் அது என்ன மீன் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது, படத்தை அனுப்பினால் யாராவது சொல்லமாட்டார்களா. ‘மீண்டும் ஆற்றில் விட்டனர்’ என்ற வரி வருகிற இடத்தில், விடக்கூடாது என்று ஒரு வரி போட்டால் போதும்.

வண்ணமீன் கடைக்காரர்கள் விற்கும்போதே இது ஒரு முழம் வளரும் என்று சொல்லிவிட வேண்டும், வளர்ந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். சொன்னால் கேட்பார்களா என்றால், சும்மா சொன்னால் கேட்கமாட்டார்கள்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்த திருத்தத்தில், அயல்நாட்டில் இருந்து வந்து பரவும் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, பெருக்கம் இவற்றைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரம் இருக்கிறது, டேங்க் கிளீனர் கடையில் பாலித்தீன் பையில் தொங்குகிறது. இதற்கு ஒரு தடையை மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டு வாங்க வேண்டும்.

தூர் வாரும்போது பொக்லைன் இயந்திரம் பள்ளத்தைக் கலக்கினால் மீன் எல்லாம் கரைக்கு வரும். அந்த நேரத்தில் ஊர்க்காரர்களோடு மீன்வளத் துறை ஆள் ஒருவர் நின்றால், வந்தேறியை எடுத்துவிட்டு நம் மீனைப் பக்கத்து மடுவுக்கு மாற்றிவிடலாம். இதற்குப் பெரிய திட்டமும் வேண்டாம், கோடியும் வேண்டாம், நாலைந்து அன்னக்கூடையும் ஒரு டிராக்டர் டிப்பரும் போதும். ஊருக்கு ஒரு கோடைப் பள்ளத்தையாவது, இதில் சாக்கடை விழாது, மருந்து வைக்கமாட்டோம் என்று ஊராட்சி எடுத்துக் காக்கலாம். கோயில் குளத்து மீனை நாம் காப்பாற்றவில்லையா, ஒருத்தன் தூண்டில் போட்டால் ஊரே சண்டைக்குப் போகிறதே. (அந்தக் கோயில் குளத்திலும் தொட்டி மீனைக் கொண்டு விடுகிறார்கள் என்பது தனி வருத்தம். குளம் நிரம்பினால் உபரி எங்கே போகும்?)

கொல்வது பாவம் இல்லையா என்ற கேள்வி வரும். எங்கள் வீட்டிலேயே வந்தது. வளையில் இருந்து எடுத்ததைச் சித்தப்பா சாக்கில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, ‘உசிரு இருக்குங்க, திரும்ப விட்டுடுங்க’ என்றார். அன்றைக்குப் பொரி போட்ட அதே கை. நான் கரையில் இருந்த ஓட்டைகளை விரலை மடக்கி எண்ணிக் காட்டினேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்க்கவும் இல்லை, உள்ளே போய்விட்டார். மீனை ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தென்னை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தேன். அதன் பிறகு இன்னும் நாலைந்து கிடைத்து, அவையும் தென்னைக்குத்தான் போயின.

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மதகடியில் பறியில் இன்னொன்று விழுந்திருக்கிறது. பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், கரை ஓட்டையின் படமும் இருக்கிறது. போட இடம் இருந்தால் போடுங்கள். தலைப்பில் ‘அதிசயம்’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அரசலாற்றங்கரை வாசகன்,
கும்பகோணம் அருகில்